பூஜையில் வைத்த நாலாவது புத்தகம்

செய்யாறு பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தும் பூங்காவனம் டீச்சர் வராந்தாவில் நடந்து வந்தால் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்களாம். போன மாசம் என் நாத்தனார் மகள் வந்து சொன்னாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த டீச்சர் நடுங்கியதை, ஆரணி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மூன்று வருஷம் பார்த்தவள் நான். இந்த 1986-இல் பிள்ளைகள் அவளுக்குப் பயப்படுவதெல்லாம் அவள் பட்ட பயத்தில் கால்வாசிகூட வராது.

அவள் பயந்தாங்கொள்ளி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தறிக்குழியில் தேள் கிடந்தால் செருப்பால் அடித்துத் தூக்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள். அவள் பயந்தது ஒரே ஓர் ஆளுக்கு, அவளுடைய அப்பா வீரபாகுவுக்கு. சேவூரில் பட்டுத்தறி நெய்கிறவர். அடிக்கிறவரும் இல்லை, கத்துகிறவரும் இல்லை. அடிக்கிற அப்பாவாக இருந்தால் அழுது தீர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். இவர் ஒருதரம் தலைமுழுகிக் காட்டியவர்.

அந்தக் கதை எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். வீரபாகுவுக்கு ஒரே தங்கை, பொன்னம்மாள். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு ஒத்தாசையாக வேலைக்குப் போனாள். ஒரு நாள் அவளுடைய தகரப் பெட்டியில் சிலுவை போட்ட புத்தகம் ஒன்று இருந்ததை அண்ணன் பார்த்தார். பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வாரமே அவள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து, அங்கேயே ஒருவரை மாதா கோயிலில் கல்யாணமும் செய்துகொண்டாள் என்று சேதி வந்தது. வீரபாகு தறியிலிருந்து எழுந்து கிணற்றடிக்குப் போனார். தெருவே பார்க்க மூன்று வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். ஈரத்தோடு வந்து மறுபடி தறியில் உட்கார்ந்தார். செத்தவர்களுக்குச் செய்வதை உயிரோடு இருக்கிற தங்கைக்குச் செய்து முடித்துவிட்டார். அன்றைக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தது பத்து வயசுப் பூங்காவனம். அதற்கப்புறம் அந்த வீட்டில் பொன்னம்மாள் என்ற பேரை யாரும் எடுத்ததில்லை.

இப்படிப்பட்டவர் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பியதே பெரிய விஷயம். 1977-இல் வேலூர்ப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய கல்லூரியில் எங்கள் இருவருக்கும் பி.ஏ. வரலாற்றில் இடம் கிடைத்தது. "பொண்ணுங்க மட்டும் படிக்கற எடம், கட்டுப்பாடா இருக்கும்" என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் சரி என்றார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"விளக்கு வெக்கறதுக்குள்ள ஊட்டுக்கு வந்துடணும். ஒரு நாள் தவறிச்சின்னாலும் அன்னியோட படிப்பு நின்னுச்சி."

சொன்னால் சொன்னதுதான். தங்கச்சி விஷயத்திலேயே பார்த்தோமே.

கல்லூரியில் முதல் வாரம் கால அட்டவணையைப் பார்த்ததும் பஸ் நேரத்தைக் கணக்குப் பார்த்தோம். கிறிஸ்தவப் பெண்களுக்கு வேதம் சொல்லித்தரும் மறைக்கல்வி வகுப்பு மத்தியானம். மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு கடைசி மணி, நாலரை வரைக்கும். எங்கள் பஸ்ஸோ நாலேகாலுக்குப் புறப்படும். அதை விட்டால் அடுத்தது ஐந்தே முக்காலுக்கு. அதில் வந்தால் சேவூர் போய்ச் சேரும்போது விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

மறைக்கல்வி நடத்தியவர் சிஸ்டர் ஸ்தனிஸ்லா. உயரமாக, ஒல்லியாக, சிரிப்பை எங்கோ பூட்டி வைத்த முகத்தோடு இருப்பார். அவரிடம் போய், நாங்களும் மத்தியான வகுப்பிலேயே உட்காரலாமா என்று கேட்டோம். கூடாது என்றார். அப்புறம் பஸ் கதையைக் கேட்டுவிட்டு, அப்பா கைப்படக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் பார்க்கலாம் என்றார்.

"நாளைக்கு உங்க ஊர்லேருந்து நாலு பேர் வந்து, பொண்ணை மதம் மாத்தறீங்களான்னு கேட்டா நான் இந்தக் கடிதத்தைத்தான் காட்டணும். பொய்க் கடிதம் குடுத்தா டி.சி. வாங்கிட்டுப் போகணும். புரியுதா?"

புரிந்தது. என் அப்பா ரேஷன் கடையில் எடை போடுகிறவர். நீட்டிய காகிதத்தில் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். பூங்காவனம் தன் அப்பாவிடம் அதை எப்படி நீட்டுவாள்? நாலு நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். ஐந்தாம் நாள் கண்ணமங்கலம் தாண்டும்போது அதை என் மடியில் வைத்தாள்.

"நீயே போட்டுடு, தேவகி. எனக்குக் கை வரல."

நான் போட்டேன். கடிதமும் என் கைதான், 'க. வீரபாகு' என்ற கையெழுத்தும் என் கைதான். பஸ் ஆடிய ஆட்டத்திலும் நல்ல சாய்வாக, ஒரே இழுப்பில் போட்டேன். அப்போது எனக்கு அதில் பெருமைகூட இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த வகுப்பில் நான் தூங்கினேன். உண்ட மயக்கம். பூங்காவனம்தான் விழுந்து விழுந்து படித்தாள். படைப்பு, பாவம், மன்னிப்பு என்று சிஸ்டர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கேள்வி கேட்பாள். எல்லாரையும் கடவுள் படைத்தார் என்றால் எங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்களை யார் கணக்கில் வைப்பது என்று ஒருதரம் கேட்டுவிட்டாள். கிறிஸ்தவப் பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சிஸ்டர் கோபப்படவில்லை. "அதை நானும் யோசிச்சிக்கிட்டுதான் இருக்கேன், உட்கார்" என்றார். முதல் வருஷப் பரீட்சையில் அந்த வகுப்பிலேயே முதல் மார்க் பூங்காவனத்துக்கு. மார்க்கைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"எனக்கு இது புடிச்சிப்போச்சி, தேவகி. அதான் பயமா இருக்குது" என்றாள். "அத்தைக்கும் முதல்ல இப்படித்தான் புடிச்சிருக்கும்."

பஸ்ஸுக்காக உட்கார்ந்த வகுப்பு இப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை. நான் ஏதோ கிண்டல் செய்து பேச்சை மாற்றினேன். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

மறைக்கல்விப் பாடப்புத்தகம் கல்லூரியுடையது. வருஷக் கடைசியில் திருப்பித் தரவேண்டும், கறை படக்கூடாது. பூங்காவனம் அதற்கு மற்ற புத்தகங்களுக்குப் போட்டதைப்போலவே, ஜரிகை சுற்றி வரும் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டாள். மேலே 'வரலாறு' என்று எழுதி ஒட்டினாள். அப்படியும் அதை வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டாள். சாயங்காலம் என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போய், காலையில் வாங்கிக்கொள்வாள்.

இரண்டாம் வருஷம் ஆயுதபூஜை வந்தது. பூஜைக்கு மறுநாள் விஜயதசமி, அதற்கும் மறுநாள் வெள்ளிக்கிழமை மறைக்கல்வியில் பரீட்சை. இரண்டு நாள் லீவில் படிக்கவேண்டும் என்று அவள் அந்த ஒருதரம் மட்டும் புத்தகத்தைப் பையோடு வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

நெசவு வீடுகளில் ஆயுதபூஜையன்று எதுவும் பூஜைக்கு வெளியே நிற்கக்கூடாது. தறியும் ஊடுநூல் ஓட்டும் நாடாவும் கத்தரியும் எப்படியோ, படிக்கிற பிள்ளையின் புத்தகமும் அப்படித்தான். விட்டுப்போன புத்தகத்தின் பாடம் தலையில் ஏறாது என்பார்கள். பூங்காவனம் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் அம்மா அபிதகுசாம்பாள் பையைத் தலைகீழாகக் கொட்டி, இருந்த ஆறு புத்தகங்களையும் தறிக்கு முன்னால் மணையில் அடுக்கிவிட்டாள். ஆறும் ஒரே அட்டை. பாவம், அந்த அம்மாளுக்கு எழுத்து தெரியாது. மகள் நன்றாகப் படிக்கவேண்டும் என்று ஒன்றுகூட விடாமல் வைத்தாள்.

சுண்டலுக்கு வந்த நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். பூங்காவனம் ஈரத்தலையோடு மணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீரபாகு விபூதி பூசி உட்கார்ந்தாயிற்று. இனி யார் போய் எதை எடுப்பது?

அந்த வீட்டு வழக்கம், அப்பா ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து, ஓரத்தில் குங்குமம் வைத்து மூடுவார். முதல் புத்தகம் ஆயிற்று. இரண்டாவது, மூன்றாவது ஆயிற்று. நாலாவதைத் திறந்தார். அதன் முதல் பக்கத்தில் 'மறைக்கல்வி' என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே கட்டைவிரல் அளவுக்கு ஒரு சிலுவை இருக்கும்.

அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். எங்களுக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது. முதுகு அசையவில்லை. பூங்காவனம் என் மணிக்கட்டைப் பிடித்தாள், அவள் நகம் பதிந்தது. பிறகு அவர் குங்குமக் கிண்ணத்தில் விரலைத் தொட்டார். வைத்தார், மூடினார், ஐந்தாவதை எடுத்தார்.

பூஜை முடிந்தது. ஆனால் மறுநாள் மறுபூஜை ஆகிறவரைக்கும் மணையில் இருக்கிற எதையும் யாரும் தொடக்கூடாது. அங்கேயேதான் இருந்தது புத்தகம், கண்ணுக்கு எதிரே, கை எட்டுகிற தூரத்தில். அன்றைக்குப் பூங்காவனம் ஒரு கவளம்கூட முழுங்கவில்லை.

"எழுத்துக்கூட்டிப் படிக்கறவரு, அவருக்கு இன்னாடி தெரிஞ்சிருக்கப்போவுது?" என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன்.

"சிலுவைக்கு எழுத்துக் கூட்டணுமா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் கற்பூரம் காட்டியதும் பிள்ளைகள் புத்தகத்தை எடுத்து நாலு வரி படிக்கவேண்டும். அது எல்லா வீட்டிலும் உள்ளது. மேலே இருந்த புத்தகத்தை எடுப்பார்கள், படிப்பார்கள், பொரியைத் தின்ன ஓடுவார்கள். வீரபாகு மேலே இருந்ததை எடுக்கவில்லை. இரண்டு புத்தகத்தை நகர்த்திவிட்டு, நாலாவதை உருவி மகளிடம் நீட்டினார்.

"படி."

அவள் நடுவில் எங்கேயோ திறந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், திறந்த பக்கத்தைப் பார்த்தேன். பொய்ச்சாட்சி சொல்வது பற்றிய பாடம். அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, "ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சியில் நிலவரி வசூலிக்கும் முறை பின்வருமாறு அமைந்திருந்தது" என்று ஆரம்பித்தாள். வரலாற்றுத் தேர்வுக்காக நாங்கள் இருவரும் மனப்பாடம் செய்தது. தடங்கல் இல்லாமல் வந்தது. குரல் மட்டும் அவளுடையதாக இல்லை. வீரபாகு கையைக் கட்டிக்கொண்டு, சாமி முன்னால் நிற்கிறதுபோல நின்று கேட்டார். ஜமீன் வந்தது, ஜாகீர் வந்தது, அவள் நிறுத்தத் தெரியாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

"பக்கத்த திருப்பலியே" என்றார்.

அவள் ஒரு பக்கத்தைத் திருப்பினாள். அவசரத்தில் இரண்டு பக்கம் சேர்ந்து திரும்பியது.

"போதும்" என்றார். புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். வேறெதுவும் பேசவில்லை. அந்தப் பேசாமைதான் எங்களைக் கொன்றது. பொன்னம்மாளின் பெட்டியை மூடியபோதும் அவர் பேசவில்லையே.

புத்தகத்தைத் திறக்கவே பயந்து, பூங்காவனம் அதைப் பையின் அடியில் போட்டுவிட்டாள். படிக்காமலே வெள்ளிக்கிழமை வந்தது.

பரீட்சைக்கு முன்னால் சிஸ்டர் மேசை மேசையாக வந்தார். புத்தக ஓரத்தில் சிவப்பாக ஒரு விரல் தடம் இருந்ததைப் பார்த்து நின்றார். எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தார். குங்குமம் சிலுவைக்குப் பக்கத்தில் அப்பியிருந்தது. நாங்கள் அதற்குத்தான் பயந்திருந்தோம், கல்லூரிப் புத்தகம் கறையாகிவிட்டதே என்று. சிஸ்டர் குங்குமத்தைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே நீல மையில் எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஒரு பிள்ளையார் சுழி. அதன் கீழே, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது.

"இது பூங்காவனம் படிக்கிற புத்தகம். க. வீரபாகு. சேவூர்."

பூங்காவனம் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். சிஸ்டர் தன் அறைக்குப் போய், போன வருஷக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து, எங்களை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தறி நெய்கிறவருக்கு நான் தாசில்தார் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன்.

"இதுல எது உங்க அப்பா?"

நான் சொல்லியிருக்கவேண்டும். என் கை, என் பேனா, என் சாய்வு. டி.சி. என்ற வார்த்தை ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

"கடிதத்துல போட்டது நான்தான் சிஸ்டர்" என்றாள் பூங்காவனம்.

எட்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அது எனக்குச் சுடுகிறது.

சிஸ்டர் கடிதத்தை நாலாகக் கிழித்தார். "புத்தகத்துல இருக்கறது எனக்குப் போதும். ஆனா உனக்குப் போதாது. இன்னைக்கே உங்க அப்பாகிட்ட போய் நடந்ததைச் சொல்லு. சொல்லிட்டு வந்தா இந்த வகுப்பு. சொல்ல முடியலன்னா கடைசி மணி நன்னெறி வகுப்புக்குப் போ."

நன்னெறி என்றால் ஐந்தே முக்கால் பஸ். ஐந்தே முக்கால் பஸ் என்றால் படிப்பு நின்றது. சொன்னாலோ, கிணற்றடியும் மூன்று வாளியும்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஒரே ஒரு தரம்தான் பேசினாள். "படிக்கச் சொல்றதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரியும், தேவகி. புத்தகம் மணையில இருந்த ராத்திரியே எழுதியிருக்கணும். தெரிஞ்சிகினுதான் கேட்டுகினு நின்னாரு. சரஸ்வதிக்கு வெச்ச புத்தகத்த கையில வெச்சிகினு நான் பொய் படிச்சேன்."

நான் கூடப் போனேன். அதையாவது செய்யவேண்டும் என்றுதான். உள்ளே போகத் தைரியம் இல்லாமல் கதவோரம் நின்றேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. வீரபாகு தறிக்குழியில் கால்விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். பூங்காவனம் பக்கத்தில் போய் நின்றாள். பஸ் நேரம், கடிதம், கையெழுத்து என்று எல்லாவற்றையும் சொன்னாள். அப்போதும் என் பேரைச் சொல்லவில்லை. நாடா ஓடிக்கொண்டே இருந்தது. அவர் தலையைத் தூக்கவில்லை.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. புத்தகத்தைத் திறந்து, அன்றைக்கு விரலடியில் இருந்த அதே பாடத்தை, பொய்ச்சாட்சிப் பாடத்தை, உள்ளது உள்ளபடி படித்தாள். இரண்டாவது பத்தியில் அழுகை வந்து நின்றது. அப்போது தறியும் நின்றது.

"பொன்னம்மா பெட்டில இருந்ததும் இதே மாதிரிதான்" என்றார்.

அபிதகுசாம்பாள் சமையல்கட்டிலிருந்து வெளியே வந்துவிட்டாள். எட்டு ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பேர் அந்த வீட்டில் கேட்டது.

"அன்னிக்கி நான் ஒரு வார்த்த கேக்கல. இன்னா படிக்கறம்மான்னு கேட்டிருந்தா இருந்திருப்பாளோ இன்னாவோ. அதான் உன்ன படிக்கச் சொன்னேன். நீ வேற எதையோ படிச்ச. ரெண்டு நாளா தூக்கம் இல்ல."

நாங்கள் இரண்டு வருஷமாக யாருக்குப் பயந்தோமோ அந்த மனுஷன் எங்களைவிடப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். நாடாவை வைத்துவிட்டு, புத்தகத்தைத் தொடாமல், அதை நோக்கி விரலை மட்டும் நீட்டினார்.

"நீ படிக்கற பொண்ணு, ஒனக்குத் தெரியும். இதுல எந்தப் பக்கம்மா பொன்னம்மாள இட்டுகினு போச்சி? அந்த ஒரு பக்கத்த மட்டும் படிக்காத. மீதிய படிச்சிக்கோ."

பூங்காவனம் தறியோரம் தரையில் உட்கார்ந்தாள். முதல் பக்கத்தைத் திறந்து, அவருடைய கையெழுத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு பக்கமாக உரக்கப் படிக்கத் தொடங்கினாள். ஒரு பக்கம் முடியும்போதெல்லாம் அவர் "இதுவா?" என்று கேட்டார். அவள் "இது இல்ல நைனா" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். விளக்கு வைத்த பிறகும் படித்துக்கொண்டிருந்தாள்.